மேல்வீட்டு அணில்

எல்லா உயிர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் யார் எதைக் கேட்டாலும் பதில் வரும். எறும்பு வழி கேட்டால் மாடு நின்று சொல்லிவிட்டுத்தான் போகும். பதில் சொல்லியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டிருக்கவில்லை. தும்மல் வந்தால் தும்முவதைப் போல, கேள்வி வந்தால் பதில் வந்தது. பதில் சொல்லாமல் இருக்க முடியும் என்பது எவருக்கும் தோன்றியதே இல்லை.

அதனால் எல்லாம் தெளிவாக இருந்தது என்று சொல்ல முடியாது. பேசப் பேசக் குழப்பம் கூடியதும் உண்டு. ஆனால் பதில் வந்தது.

தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஐயாக்குட்டி என்று ஒருவன் இருந்தான். அவன் மனைவி உலகம்மை. சோளத்தட்டை வேய்ந்த குடிசையில் இருந்தார்கள். ஓர் ஐப்பசி மாதம் அந்தக் குடிசையில் அவர்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. மழை விடவில்லை. கூரை ஒழுகியது. பாயை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்துப் போட்டார்கள். எல்லா மூலையும் ஒழுகியது. பிள்ளை எட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி இறந்தது. மூத்தவள் செல்லக்கனிக்கு அப்போது பதினோரு வயது.

அழுது முடித்த பிறகு உலகம்மை ஒன்றுதான் சொன்னாள்.

“பனை வெட்டி வீடு கட்டுங்க. ஒழுகாத வீடா கட்டுங்க.”

ஐயாக்குட்டி பனை பார்க்கப் போனான்.

அந்தப் பக்கத்தில் மரம் வெட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. கோடரியின் பின்பக்கத்தால் மரத்தை மூன்று முறை தட்ட வேண்டும். இடது கையை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு, ‘இருக்கிறவங்க சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். இருப்பவர்கள் சொல்வார்கள். காலி செய்ய அவர்கள் கேட்கும் நாளைக் கொடுக்க வேண்டும். மூன்று முறை கேட்டும் குரல் வரவில்லை என்றால் மரம் காலி, வெட்டலாம். மரத்தில் கை வைத்தபடி சொன்ன சொல்லை மட்டும் மாற்றக் கூடாது. கையை எடுத்துவிட்டுச் சொல்வது வெறும் பேச்சு.

ஐயாக்குட்டி தேர்ந்தெடுத்த பனையில் ஐந்து பேர் இருந்தார்கள். பல்லி உடனே போகிறேன் என்றது. ஆந்தை, இருட்டட்டும், இப்போது கண் தெரியாது என்றது. தேள் நாள் எதுவும் கேட்காமல் இறங்கிப் போயிற்று. கரிச்சான் அவன் பரம்பரையைக் கொஞ்சம் திட்டிவிட்டுப் பறந்தது. கடைசியாக மட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓர் அணில் தலையை நீட்டியது.

“அண்ணாச்சி, என் குட்டிங்க இன்னும் கண்ணு திறக்கல.”

“திறக்க எத்தனை நாளாகும்?”

“திறக்கிற அன்னைக்குத் திறக்கும்.”

வீடு கட்டும் தச்சன் பத்து நாளில் வேறு ஊருக்குப் போகிறவன். போனால் தை மாதம்தான் திரும்பி வருவான். ஐயாக்குட்டி வானத்தைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்.

“அப்ப ஒண்ணு செய். மரத்தோடயே வந்துடு. அந்த மட்டைக் கொண்டையைப் பிரிக்காம அப்படியே தூக்கி என் வீட்டு மோட்டுல வச்சுடுதேன். குட்டிங்க கண்ணு திறக்கிற வரைக்கும் அங்க இரு.”

“கண்ணு திறக்கிற வரைக்கும்” என்றது அணில்.

“ஆமா. அதுவரைக்கும் யாரும் உன்னைக் கிளப்ப மாட்டோம்.”

சொல்லி முடித்த பிறகுதான் இடது கை இன்னும் மரத்தின் மேல் இருப்பதை அவன் கவனித்தான். கையை எடுத்துக்கொண்டான். அதனால் எதுவும் மாறவில்லை.

வீடு எழுந்தது. பனையைப் பிளந்து, கூரையைத் தாங்கக் கைமரங்கள் போட்டார்கள். ஓலையை அடுக்கி, நாரால் கட்டினார்கள். முகட்டின் கீழ், கொண்டை மட்டைகளை வைத்த இடத்தில், அணில் இருந்தது. இருபது நாளில் குட்டிகள் கண் திறந்தன. கொஞ்ச நாளில் சுவரில் ஓடிப் பழகி, எங்கோ போய்விட்டன. ஐயாக்குட்டி அண்ணாந்து பார்த்துக் கேட்டான்.

“கண்ணு திறந்தாச்சில்லா?”

“அதுங்க திறந்துட்டுது அண்ணாச்சி. இதுங்கதான் இன்னும் திறக்கல.”

“எதுங்க?”

“புதுசு.”

எந்தக் குட்டிகள் என்று மரத்தடியில் தான் சொல்லவில்லை என்பது ஐயாக்குட்டிக்கு நினைவு வந்தது. அணிலும் கேட்கவில்லை. இரண்டு பேருமே ஏமாற்றவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் கண் திறக்காத குட்டிகள் இல்லாத நாள் குறைவு. ஓர் ஈற்று போனால் அடுத்தது வந்தது. மோட்டில் இடம் போதாமல் அணில் ஓலைக்குள் புதிய வழிகள் போட்டது. கட்டிய நாரைக் கடித்து மெத்தைக்கு எடுத்துக்கொண்டது. இலவம்பஞ்சுத் தலையணை வாரம் தவறாமல் இளைத்தது. விளக்கு வைப்பதற்கு முன் திரி காணாமல் போயிற்று. கொல்லையில் மாதுளை பழுக்கும் முன்பே பொக்கையாயிற்று. உலகம்மை கம்பைக் காயப்போட்டு உள்ளே போய் வந்தால், பாயின் நடுவில் வட்டமாக ஓர் இடம் காலியாக இருக்கும்.

அணில் அவளைக் கீழ்வீட்டக்கா என்று கூப்பிட்டது. ஏன் அப்படிக் கூப்பிடுகிறது என்று வெகுநாள் அவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் தலையணை உறையைத் தைத்தபடி கேட்டாள்.

“ஏட்டி, என் வீட்டுல இருந்துகிட்டு என் வீட்டையே கடிக்கியே, உனக்கே நல்லாருக்கா?”

“உங்க வீடா? அது எங்க இருக்கு?”

“இதுதான்ட்டி.”

“இது என் மரமில்லா?”

“மரம் அப்போ. இப்ப இது வீடு.”

“எப்ப மாறிச்சு?”

“வெட்டி, பிளந்து, கட்டினப்ப மாறிச்சு.”

“நான் உள்ளதான இருந்தேன். எனக்கு ஒண்ணும் மாறின மாதிரி தெரியலையே அக்கா” என்றது அணில். அது பொய் சொல்லும் முகமாக இல்லை. “நான் பாட்டுக்கு என் மரத்துல படுத்திருந்தேன். நீங்க கீழ வந்து பாய் விரிச்சீங்க. அடுப்பு மூட்டினீங்க. கண்ணு எரிஞ்சுது. சரி, மழைக்கு ஒதுங்கியிருக்காங்க, விட்டதும் போயிருவாங்கன்னு இருந்தேன். ஆறு வருசமா போகல. நான் ஏதாச்சும் கேட்டேனா?”

உலகம்மைக்கு அன்று வேலை ஓடவில்லை. அணில் சொன்னதில் தப்பு இருந்தது. அது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஊசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டின் நடுவில் நின்று கைமரங்களைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தால் அவை மரமாகவும் தெரிந்தன.

அந்த வருடம் செல்லக்கனிக்கு முதல் பிள்ளை. புரட்டாசி முடியும்போது அவளைப் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். ஐப்பசி நடுவில் பேறு என்று மருத்துவச்சி கணக்குச் சொன்னாள். ஐப்பசி என்றதும் உலகம்மை மேலே பார்த்தாள். பகல் வெளிச்சம் எட்டு இடத்தில் உள்ளே விழுந்தது. பேற்றுப் பாய் போட இருந்த வடக்கு மூலையில் மட்டும் மூன்று.

“கூரையைப் பிரிச்சுப் புதுசா மேயணும்” என்றாள்.

“மேயலாம். மோட்டை என்ன செய்ய?” என்றான் ஐயாக்குட்டி. “கை வச்சுச் சொல்லிட்டேனே.”

“அந்தக் கையை அன்னைக்கு மடியில வச்சிருந்திருக்கலாம்.”

உலகம்மையின் தம்பி தவசி ஓலை வண்டியோடு வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அத்தான், ஊரெல்லாம் அணிலு மரத்துல இருக்கு, மனுசன் வீட்டுல இருக்கான். உங்க வீட்டுல மட்டும் அணிலு வீட்டுல நீங்க குடியிருக்கீய.”

“சிரிக்காதலே. வழி சொல்லு.”

“வழி என்ன வழி? எங்க வீட்டுப் பூனையை ஒரு நாள் அனுப்புதேன்.”

பூனை வந்தது. முற்றத்தில் உட்கார்ந்து முன்காலை நக்கியபடி மோட்டைப் பார்த்தது. அதற்கு இந்த வேலையில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

“போறேன். ஆனா ஒண்ணு சொல்லிடுதேன்” என்றது. “கேட்டா பதில் சொல்லணும்னு இருக்கு பாருங்க, அதுதான் என் தொழிலுக்கே கேடு. நான் பதுங்கிப் பதுங்கிப் போவேன். பக்கத்துல போனதும் அவ ‘யாரு?’ன்னு கேப்பா. நான் ‘பூனை’ன்னு சொல்லியாகணும். அப்புறம் எங்கிட்டுப் பிடிக்க?”

“போயித்தான் பாரேன்” என்றான் தவசி.

பூனை ஏறியது. மேலே பேச்சுக் கேட்டது.

“யாரு?”

“பூனை.”

“குட்டிங்க இப்பதான் தூங்குது. பெறகு வாயேன்.”

“சரி.”

பூனை இறங்கி வந்து அதே இடத்தில் உட்கார்ந்து மற்ற முன்காலை நக்கியது.

உலகம்மைதான் கடைசியில் ஒரு வழி கண்டாள். அகலவாய்ப் பானை ஒன்றை எடுத்து, உள்ளே பழைய சேலைத்துணியை வைத்து, கொல்லையில் வேம்பின் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். அணிலைக் கூப்பிட்டாள்.

“இது உனக்கு. நாங்களா உன்னைக் கிளப்பல. நீயா பாத்துப் பிடிச்சிருந்தா வா.”

அணில் பானையைச் சுற்றி வந்தது. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தது. வெளியே வந்து, “நல்லாத்தான் இருக்கு. புகை இல்ல” என்றது. உலகம்மைக்கு ஆறு வருடத்தில் முதன்முதலாக அதன்மேல் பிரியம் வந்தது.

குடிமாறுதல் அன்று காலையிலேயே தொடங்கியது. அணில் ஒரு குட்டியின் வயிற்றைக் கவ்வியது. குட்டி அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. தூக்கிக்கொண்டு சுவர் வழியாக இறங்கி, முற்றத்தைக் கடந்து, வேம்பில் ஏறியது. இரண்டாவதையும் கொண்டுபோயிற்று. அப்போது காற்றடித்துப் பானை ஆடியது. பயந்து ஒன்றைத் திரும்ப மோட்டுக்கே கொண்டுவந்தது. மோட்டில் தவசி பழைய ஓலையை இழுக்கும் சத்தம். மறுபடி பானைக்கு. வழியில் பருந்தின் நிழல் விழுந்ததும் விறகு அடுக்கின் பின்னால் சற்று நேரம் ஒளிந்தது. பிறகு எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை. வெயில் சாயும்வரை ஓடியபடியே இருந்தது.

ஓய்ந்த பிறகு துவைகல்லில் வந்து உட்கார்ந்தது. மூச்சு வாங்கியது.

“கீழ்வீட்டக்கா, நான் எத்தனை கொண்டுபோனேன்?”

“நான் எண்ணலையே. மொத்தம் எத்தனை இருந்துச்சு?”

“தெரியாதே.”

“பெத்தவளுக்குத் தெரியாதா?”

“ஒண்ணொண்ணா பாத்தா எல்லாத்தையும் தெரியும். மொத்தமாத் தெரியாது.”

உலகம்மை நினைவுபடுத்திப் பார்த்தாள். “மூணு போச்சு. ரெண்டு வந்துச்சு. இல்ல, முதல்ல ரெண்டு போயி, ஒண்ணு வந்து...” விரல்களை மடக்கினாள், நிமிர்த்தினாள். பார்த்துக்கொண்டிருந்த செல்லக்கனி, “நாலுதான் போச்சும்மா” என்றாள். எது நான்கு என்று கேட்டபோது அவளாலும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் மேற்கே மேகம் கட்டியது. பத்து நாளுக்கு முன்பாகவே செல்லக்கனிக்கு வலி கண்டது.

கூரையில் முகடு மட்டும் மிச்சமிருந்தது. மற்ற இடமெல்லாம் புது ஓலை இரட்டையாக அடுக்கிக் கட்டியாகிவிட்டது. ஐயாக்குட்டியும் தவசியும் மேலே இருந்தார்கள். உலகம்மை முற்றத்தில் வெந்நீர் அடுப்பின் முன் நின்றாள். மருத்துவச்சி உள்ளே இருந்தாள். அணில் மெத்தைக்குப் பஞ்சு எடுக்க இலவமரத்துக்குப் போயிருந்தது.

ஐயாக்குட்டி முறையை விடுகிறவன் இல்லை. அரிவாளின் பின்பக்கத்தால் முகட்டு மரத்தைத் தட்டினான். இடது கையை வைத்தான். மட்டை அடைசலுக்குள் அவன் கை முழங்கை வரைக்கும்தான் போயிற்று. அதற்கு மேல் இருட்டு.

“இருக்கிறவங்க சொல்லுங்க.”

ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான்.

“பதில் இல்ல அத்தான். காலி” என்றான் தவசி. “அந்தா பாருங்க, தேரிக்கு அங்கிட்டு மழை இறங்கிட்டு.”

ஐயாக்குட்டி ஓலையைக் கையில் எடுத்தவன் நின்றான். கீழே பார்த்தான்.

“உலகு, காலிதானே?”

கண் திறக்காத குட்டிகளுக்குப் பேச்சு வந்திருக்காது என்பது உலகம்மைக்குத் தெரியும். இரண்டு பெற்றவள் அவள். அந்த முறையை உண்டாக்கியவர்கள் இதை யோசித்திருப்பார்களா என்று அந்த நேரத்தில் தோன்றியது. உள்ளே செல்லக்கனி ‘அம்மா’ என்றாள்.

“மூடுங்க” என்றாள் உலகம்மை.

அது பதில் இல்லை. ஆனால் பதில் போல இருந்தது. ஐயாக்குட்டி மூடினான். தவசி நாரை இழுத்து முடிந்தான்.

அவர்கள் ஏணியில் இறங்கும்போது அணில் வாய் நிறையப் பஞ்சோடு வந்தது. கூரையில் ஏறி, பழக்கப்பட்ட இடத்துக்கு ஓடியது. அங்கே வழி இல்லை. பச்சை ஓலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது. பஞ்சைக் கீழே விட்டது. வேம்புக்கு ஓடிப் பானைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

“கீழ்வீட்டக்கா, பானையில இல்ல. உள்ளயா இருக்கு? இல்ல, வேற எங்கயாச்சும் வச்சேனா? நேத்து நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க. என் குட்டிங்க எங்க?”

முதல் துளி உலகம்மையின் கையில் விழுந்தது.

இருக்கிறது என்றால் கூரையைப் பிரிக்க வேண்டும். இல்லை என்று சொல்ல, இல்லைதானா என்று அவளுக்கே தெரியாது. தெரியாது என்று சொன்னால், அதுதான் உண்மை, அப்போதும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் வடக்கு மூலையில் மழை விழும். பதில் அவள் தொண்டைவரை வந்துவிட்டது. தும்மலை அடக்குவது போல, உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்தாள். பதில் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி உள்ளே போய்விட்டது. அது போனதில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மழை விட்டதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அணில் அவள் போன வாசலைப் பார்த்தபடி இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தது. இன்னும் உரக்கக் கேட்டது.

மழை மூன்று நாள் பெய்தது. செல்லக்கனிக்கு இரண்டாம் நாள் விடியலில் பெண் பிள்ளை பிறந்தது. உலகம்மை பிள்ளையைத் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, மண்டியிட்டு, பாயின் நான்கு மூலைகளையும் கையால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தரையைத் தொட்டாள். சுவரைத் தொட்டாள். எல்லாம் காய்ந்திருந்தது. அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

மேலே அணில் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் முழுதாகக் கேட்டது. “கீழ்வீட்டக்கா, என் குட்டிங்க எங்க?” இரண்டாம் நாள் கீழ்வீட்டக்கா இல்லை. “என் குட்டிங்க எங்க? என் குட்டிங்க எங்க?” என்றது. பச்சை ஓலையை ஓரிடத்தில் கொஞ்சம் கடிக்கும். இதுவல்ல என்று இன்னோர் இடத்துக்குப் போகும். நிமிர்ந்து கேட்கும். கேட்கும் ஒவ்வொரு முறையும் அதன் வால் தூக்கித் தூக்கிப் போட்டது. பதில் வராத கேள்வியை அதுவரை யாரும் இத்தனை முறை கேட்டதில்லை. கேட்கக் கேட்கச் சொற்கள் தேய்ந்தன. மூன்றாம் நாள் ‘எங்க’ மட்டும் இருந்தது. மாலையில் அதுவும் இல்லை. ஒரு கூர்மையான ஒலி மட்டும், விட்டு விட்டு, ஒரே அளவாக வந்தது.

“என்னட்டி கேக்குது அது?” என்றான் ஐயாக்குட்டி. “ஏதோ கேக்குதுன்னு தெரியுது. என்னன்னுதான் புரியல.”

உலகம்மைக்கும் ஒலி மட்டும்தான் கேட்டது. ஆனால் என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

நான்காம் நாள் நல்ல வெயில் அடித்தது. யாரையும் கூப்பிடாமல் உலகம்மை ஏணியை எடுத்துச் சாத்தினாள். ஏறி, முகட்டில் தவசி போட்ட முடிச்சுகளை அறுத்தாள். ஓலையைத் தூக்கினாள். மட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தோள்வரை கையை விட்டாள்.

இலவம்பஞ்சு வந்தது. நார் வந்தது. ஆறு வருடத்து விளக்குத் திரிகள் வந்தன. அவளுடைய கல்யாணச் சேலையின் கரைநூல் வந்தது. அது எப்போது போனது என்று அவளுக்கு நினைவில்லை. குட்டிகள் இல்லை. செத்துக் கிடக்கவும் இல்லை. ஒரு மயிர்கூட இல்லை.

இறங்கி வேம்பில் பானையைப் பார்த்தாள். துணி இருந்தது, நடுவில் சிறிய குழி விழுந்திருந்தது. விறகு அடுக்கைப் பிரித்தாள். ஒன்றும் இல்லை. கண் திறந்து தாமாகப் போயிருக்கலாம். யாரும் பார்க்காத மூன்றாவது இடம் ஒன்று இருந்திருக்கலாம். பருந்து எடுத்திருக்கலாம். சுவர் ஓரமாகச் சிறிய அணில் ஒன்று ஓடியது. அதற்குக் கண் திறந்திருந்தது. அது அவற்றில் ஒன்றா, போன ஈற்றா, வேறு யாருடையதோ, சொல்ல முடியவில்லை.

“உள்ள இருந்துச்சாம்மா?” என்று செல்லக்கனி வாசலுக்குள்ளிருந்து கேட்டாள்.

“இல்ல.”

“அப்ப நல்லதுதானே.”

“நல்லதுதான்” என்றாள் உலகம்மை. எது நல்லது என்று நினைத்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

அணில் கூரை ஓரத்தில் இருந்தது. உலகம்மை கீழே நின்று அண்ணாந்தாள்.

“ஏட்டி, உள்ள ஒண்ணும் இல்லட்டி. பிரிச்சுப் பாத்துட்டேன். நீயே வந்து பாரு. உள்ள இல்ல.”

மூன்று நாள் அடைத்து வைத்திருந்த பதில் அது. அணில் தலையைச் சாய்த்து அவள் வாயைப் பார்த்தது. காற்றில் கதவு ஆடும் சத்தத்தைக் கேட்பது போலக் கேட்டது. பிறகு வாலைத் தூக்கிப் போட்டுத் தன் ஒலியை எழுப்பியது. அவள் திரும்பச் சொன்னாள். அது திரும்ப எழுப்பியது. ஐயாக்குட்டி வந்து அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்வரை இருவரும் அப்படியே மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முற்றத்தில் பூனை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. “இங்க என்ன செய்யுதே?” என்று தவசி அதைக் கேட்டான். பூனை அவனைப் பார்த்தது. ஏதோ புரிந்தது போல மெல்லக் கண்ணை மூடிக்கொண்டது. பதில் சொல்லவில்லை. பூனை அதை அன்றைக்கே பழகிக்கொண்டது. மாடும் ஆந்தையும் பல்லியும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ள ஒரு வருடம் ஆனது.

முகட்டில் ஒரு சாண் இடத்தை உலகம்மை மூடாமல் விட்டாள். அந்த இடத்துக்கு நேர்கீழே யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டாள். அணில் அதற்குள் ஒருமுறை தலையை விட்டுப் பார்த்தது. திறந்திருக்கும் இடத்தில் தேட ஒன்றும் இல்லை. வெளியே வந்து, தானியக் குதிரின் மூடியைக் கடிக்கத் தொடங்கியது. அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையணைக்குப் போனது. தலையணையைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, வாய் கட்டியிருந்த விதைச் சுரைக்குடுக்கைக்குப் போனது.

“வழிதான் விட்டிருக்கோமே. மூடி வச்சதையே ஏன் கடிக்குது?” என்றான் ஐயாக்குட்டி.

உலகம்மை பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறை அது அவ்வளவு கடினமாக இல்லை.

அந்த ஐப்பசியில் தொடங்கியது இன்னும் முடியவில்லை. வாசல் திறந்திருந்தாலும் அணில் ஓட்டின் இடுக்கைக் குடைகிறது. தைத்த மெத்தையை, கட்டிய மூட்டையை, சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் உறையை, தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கடித்துத் திறக்கிறது. பழத்தில் ஓட்டை போட்டு உள்ளே பார்த்துவிட்டு முக்காலும் தின்னாமல் விட்டுப்போகிறது. நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டு, மத்தியான வெயிலில் மணிக்கணக்காக ஒரே ஒலியை எழுப்புகிறது. வீட்டுக்குள்ளிருந்து யாராவது எழுந்து வந்து, கையைத் தட்டி, ‘ச்சூ’ என்கிறார்கள். அணில் ஒரு கணம் நிறுத்தி அவர்கள் முகத்தைப் பார்க்கிறது. பிறகு திரும்பவும் கேட்கிறது.